ஐரோப்பியர்கள் போய் இறங்கியபோது வட அமெரிக்கா ஆளில்லாத வெற்று நிலமாகத்தான் இருந்ததா?

இப்படி ஒரு நினைப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. வந்திறங்கியவர்களில் சிலர் நிஜமாகவே ஆளில்லாத நிலத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஐந்தாறு வருஷம் முன்னால் வந்திருந்தால் அதே இடத்தில் ஓர் ஊரைப் பார்த்திருப்பார்கள். கண்டம் முழுவதையும் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை. நான் போய்ப் பார்த்த ஓர் இடத்தை வைத்துச் சொல்கிறேன்.

பாஸ்டனிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் பிளிமத். 1620 டிசம்பரில் மேஃப்ளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர்கள் குடியேறிய ஊர். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை ஒரு கோடையில் கூட்டிப்போனேன். அந்த ஆங்கிலேயர்கள் முதலில் கால் வைத்ததாகச் சொல்லப்படும் பாறைக்கு மண்டபமெல்லாம் கட்டியிருக்கிறார்கள். பாறையோ கீழே குழிக்குள் மணலில் கிடக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும். அதில் 1620 என்று செதுக்கியிருப்பதே 1880ல் செய்த வேலைதான். "நம்ம துவைக்கிற கல்லு மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் அம்மா. அப்பாதான் விஷயத்துக்கு வந்தார்: "இவங்க வர்றதுக்கு முன்னாடி இங்க யாருடா இருந்தா?"

இருந்தது பட்டக்ஸெட் என்ற ஊர். வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களுடையது. 1605ல் பிரெஞ்சுக்காரரான சாம்ப்ளேன் இந்தத் துறைமுகத்தைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார். அதில் கரை நெடுக வீடுகள், வீடுகளை ஒட்டி மக்காச்சோளக் கொல்லைகள். சில ஆண்டுகள் கழித்து ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் போட்ட வரைபடத்தில் பட்டக்ஸெட்டுக்கு 'பிளிமத்' என்று இங்கிலாந்துப் பெயர் வைத்தாகிவிட்டது. மேஃப்ளவர் கிளம்புவதற்கு நாலு வருஷம் முன்னாலேயே பெயர் தயார்!

1614ல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன் வியாபாரம் என்று சொல்லிக் கப்பலுக்கு ஆட்களை வரவழைத்தான். இருபதுக்கும் மேற்பட்டவர்களை அப்படியே அடைத்து ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் மலகாவில் அடிமைகளாக விற்றான். அதில் ஒருவர் பட்டக்ஸெட்காரரான டிஸ்குவாண்டம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஸ்குவாண்டோ' என்றால் தெரியும். அவர் எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்து, ஒரு வணிகர் வீட்டில் தங்கி, ஆங்கிலம் கற்று, நியூஃபவுண்ட்லாந்து வழியாக 1619ல் டெர்மர் என்பவரின் கப்பலில் ஊர் திரும்பினார்.

திரும்பினால், ஊரில் ஒருவரும் இல்லை.

1616லிருந்து 1619 வரை அந்தக் கடற்கரையை ஒரு கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. ஐரோப்பிய மீனவர்களும் வியாபாரிகளும் வந்துபோனதில் தொற்றியது. அது எந்த நோய் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். உடம்புக்கு முன்பின் பழக்கமில்லாத நோய் என்பதால் குழந்தை, பெரியவர் என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்தார்கள். தண்ணீர் மொண்டு கொடுக்கவும் ஆள் இருக்காது. சில கடலோர ஊர்களில் பத்தில் ஒன்பது பேர் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். அடக்கம் செய்ய ஆளில்லாமல் கிடந்த மண்டையோடுகளையும் எலும்புகளையும் பின்னால் வந்த ஆங்கிலேயர்களே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இது இங்கிலாந்தில் தெரியாமல் இல்லை. 1620 நவம்பரில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் நியூ இங்கிலாந்துக்கு (இந்தக் கடற்கரைப் பகுதிக்கு வைத்த பெயர்) கொடுத்த சாசனத்திலேயே, கடவுள் ஒரு கொள்ளைநோயை அனுப்பி அந்த நிலத்தை ஆளில்லாமல் ஆக்கிவிட்டார், நம்மவர்கள் அனுபவிக்க வேளை வந்துவிட்டது என்ற பொருளில் எழுதியிருக்கிறது. 'வெற்று நிலம்' என்ற பேச்சுக்கு வயது நானூறு ஆகிறது.

மேஃப்ளவர்காரர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அது ஊராக இருந்ததால்தான். காடு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது, கொல்லை திருத்தியிருந்தது, ஓடை பக்கத்தில். அதற்கு முன், கேப் காட் என்ற பக்கத்துக் கடற்கரையில் இறங்கியபோது மணல்மேடு ஒன்றைத் தோண்டினார்கள். உள்ளே புதுக்கூடை நிறைய அந்த வருஷத்து மக்காச்சோளம். மஞ்சள், சிவப்பு, நீலம் கலந்தது என்று உரிக்காத கதிர்கள் முப்பத்தாறு. எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ விதைக்குச் சேமித்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ஈடு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில கல்லறைகளையும் தோண்டினார்கள். அங்கிருந்த நாசெட் மக்கள் அம்பு விட்டதில் ஆச்சரியம் என்ன? ஹண்ட் அவர்களிலும் ஏழு பேரைப் பிடித்துப் போயிருந்தான்.

வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்தார்கள். 1621 மார்ச்சில் சமோசெட் என்ற பூர்வகுடி மனிதர் தனியாகக் குடியிருப்புக்குள் நடந்துவந்து ஆங்கிலத்தில் வரவேற்பு சொல்லி, பீர் இருக்கிறதா என்று கேட்டார். சில நாளில் டிஸ்குவாண்டத்தைக் கூட்டிவந்தார். மக்காச்சோளம் ஊன்றும்போது குழியில் மீனைப் போட்டு உரமாக்குவதை டிஸ்குவாண்டம்தான் சொல்லிக்கொடுத்தார். சொந்த ஊர்க்காரர்கள் விளைவித்த அதே கொல்லையில், அவர்களில் ஒருவரும் மிஞ்சாத நிலையில், வந்தவர்களுக்குப் பாடம்.

அவரை மகானாக்கவும் வேண்டாம். ஆங்கிலேயர்கள் கொள்ளைநோயை மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள், நான் சொன்னால் திறந்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர்களை மிரட்டிப் பார்த்தார். எல்லாம் இழந்த மனிதர், கையில் மிச்சமிருந்தது ஆங்கிலம் மட்டும். 1622ல் காய்ச்சலில் இறந்தார்.

வாம்பனோக் தலைவர் ஊசாமெக்வின் (மாசாசாயிட் என்பது பட்டம்) ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டதும் ஏமாளித்தனத்தால் அல்ல. மேற்கே நாரகான்செட் மக்களை இந்த நோய் தொடவில்லை. ஆளிழந்து நின்றவருக்கு ஒரு துணை தேவைப்பட்டது. அந்த ஒப்பந்தம் அவர் காலம் வரை தாங்கியது. அவர் மகன் மெட்டாகம் காலத்தில், 1675ல், நிலம் பறிபோன கோபம் போராக வெடித்தது. 1676ல் அவரைக் கொன்று தலையைப் பிளிமத்தில் கழியில் குத்தி வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. அவருடைய சிறுவயது மகனை அடிமையாக விற்றார்கள், ஹண்ட் செய்த அதே தொழில்.

அந்த மண்டையோட்டிலிருந்து தாடையைப் பெயர்த்தவர் காட்டன் மேதர் என்ற பாஸ்டன் பாதிரியார். பிற்பாடு நம்ம தரங்கம்பாடி சீகன்பால்குவுக்குக் கடிதம் எழுதியதும் இதே மேதர்தான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பாறைக்கு எதிரே கோல்ஸ் ஹில் என்ற மேடு, அங்கே ஊசாமெக்வின் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. வாம்பனோக் மக்கள் இன்னும் இருக்கிறார்கள், மாஷ்பீயிலும் அக்வின்னாவிலும். 1970லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகை) அன்றும் பூர்வகுடி மக்கள் அந்த மேட்டில் கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள். அதைச் சொல்லும் பலகையை அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். அம்மா காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.