சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் ஒரே இனமா?

வேலூரில் நாய்க்குட்டி வாங்க நினைக்கும் நண்பர் கேட்டிருக்கிறார். இரண்டும் நெருங்கிய உறவு. தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பித் துரத்துபவை என்பதால்தான் அந்த ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும். கறுப்பு உடலில், கண்ணுக்கு மேலும் மார்பிலும் கால்களிலும் செம்பழுப்புத் திட்டுகள் இருந்தால் கன்னி. சிப்பிப்பாறை பல நிறங்களில் வரும்.

ராஜபாளையம் வேறு: கனத்த உடல், வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு; காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போனது. 2005இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. குட்டிகள் சிலவற்றுக்குக் காது கேட்காது. பின்னாலிருந்து கைதட்டிப் பார்த்து வாங்குங்கள்.

குட்டை முடி வேலூர் வெயிலுக்குத் தோதுதான். ஆனால் ஓட இடமில்லாத வீட்டில் சங்கிலியில் கட்டிப்போடுவது கொடுமை. ஜவ்வாது மலைப்பக்கம் முயல் பிடிக்கவும் கூட்டிப்போகாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.