வாசகர் கேள்வி பதில்: எறும்பு வரிசைக்குத் தலைவன் உண்டா?

எறும்புகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்று என் பாட்டி சொல்வார். உண்மையா?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பாட்டி சொல்வது சங்க காலத்திலிருந்தே நம்மிடம் உள்ள செய்தி. புறநானூற்றின் 173ஆம் பாடலில், வள்ளல் பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக் கையில் ஏந்திப் போகும் பிள்ளைகளின் வரிசைக்கு, முட்டையைக் கொண்டு மேட்டு நிலம் சேரும் சிற்றெறும்பின் வரிசை உவமையாக வருகிறது. கவனித்துப் பார்த்த கண்ணுக்குத்தான் இப்படி ஓர் உவமை கிடைக்கும்.

ஒரு திருத்தம் மட்டும். எறும்புகள் வாயில் கவ்விப் போகும் வெள்ளைப் பொருள் பெரும்பாலும் முட்டை அல்ல, புழுவும் கூட்டுப்புழுவும்தான். சிற்றெறும்பின் முட்டை அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், நின்றபடி பார்த்தால் தெரியாது. அரிசிக் குருணை போலத் தெரிந்தால் அது வளர்ந்த பிள்ளை.

மண்ணில் ஈரம் ஏறினால் புற்றின் அறைகளில் நீர் புகும், புழுக்களைப் பூஞ்சை பிடிக்கும். அதனால் பிள்ளைகளை உலர்ந்த இடத்துக்கு மாற்றுகின்றன. கடும் வெயிலுக்கும், பக்கத்தில் மண்வெட்டி விழுந்ததற்கும், வேறு எறும்புக் கூட்டத்தின் தாக்குதலுக்கும்கூட இப்படித்தான் இடம் மாறும். ஒரே ஒரு புற்று காலியாவதைப் பார்த்து மழை என்று முடிவு கட்ட வேண்டாம். பருவமழைக் காலத்தில் தெருவிலுள்ள பல புற்றுகள் ஒரே நாளில் காலியானால் குடையை எடுத்து வையுங்கள்.

எறும்பு வரிசையை முன்னால் நின்று நடத்துவது யார்? பிள்ளைகளுக்குக் காட்ட எளிய சோதனை சொல்ல முடியுமா?
— அறிவியல் ஆசிரியர், தேனி

யாரும் நடத்துவதில்லை. இராணியும் கட்டளை இடுவதில்லை. அவள் வேலை முட்டையிடுவது. உணவைக் கண்ட எறும்பு திரும்பும் வழியில் வயிற்றின் நுனியால் தரையில் வாசனையைத் தொட்டுவைக்கிறது. அதை முகர்ந்து வரும் அடுத்த எறும்பும் தன் பங்குக்குத் தொட்டுவைக்கிறது. வரிசையை உண்டாக்குவது இந்த வாசனைதான்.

சோதனைக்குத் தேவையானவை: தடித்த வரைபட அட்டை, அகலமான தட்டு, ஒரு சிறு கிண்ணம், சர்க்கரைக் கரைசல். தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை சலவைத்தூள் கலக்குங்கள். அது இல்லாவிட்டால் சில எறும்புகள் நீரின் மேலேயே நடந்துவிடும். நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் வையுங்கள். அட்டையில் 2 செ.மீ. அகலப் பாதை ஒன்று வெட்டுங்கள். அது நடுவில் இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்று சேர வேண்டும். ஒரு கிளை 15 செ.மீ., இன்னொன்று 30 செ.மீ. இரு முனைகளிலும் கிளைகள் ஒரே கோணத்தில் பிரிய வேண்டும், இல்லையென்றால் எறும்புகள் நேராகத் தெரியும் பக்கமே போகும். ஒரு முனையை எறும்பு வரிசையின் ஓரத்திலும் மறுமுனையைக் கிண்ணத்தின் மேலும் வைத்துவிட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிளையிலும் ஒரு நிமிடத்தில் எத்தனை எறும்பு போகிறது என்று எண்ணிக் குறியுங்கள்.

தொடக்கத்தில் இரண்டு கிளைகளிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். பிறகு குறுகிய கிளையில் கூட்டம் சேரும். அதில் போனவை முதலில் திரும்புவதால் அங்கே வாசனையும் முதலில் கெட்டிப்படுகிறது. எந்த எறும்பும் இரண்டு பாதைகளையும் அளந்து ஒப்பிடவில்லை. பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் அர்ஜென்டினா எறும்புகளைக் கொண்டு செய்து 1989இல் வெளியிட்ட சோதனை இது. இந்த முறையையே கணினிக் கணக்காக்கி, பல ஊர்களைச் சுற்றிவரக் குறைந்த தூர வழியைத் தேடும் உத்தியை மார்கோ டோரிகோ 1992இல் மிலானில் தம் முனைவர் ஆய்வேட்டில் எழுதினார்.

இரண்டாம் பாதியைக் கட்டாயம் செய்யுங்கள், பாடம் அங்கேதான் இருக்கிறது. புது அட்டையில் நீண்ட கிளையை மட்டும் அரை மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு குறுகிய கிளையைச் சேருங்கள். பெரும்பாலானவை பழைய நீண்ட வழியிலேயே போகும், அங்கே வாசனை ஏற்கெனவே ஊறிவிட்டதால். பலர் நடந்த வழி என்பதற்காக அது நல்ல வழி ஆகிவிடாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்லட்டும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: பழைய அட்டையையே மறுபடி பயன்படுத்துவது, மின்விசிறி ஓடுவது, கோடாக நடக்காமல் தாறுமாறாக ஓடும் கறுப்பு எறும்பைத் தேர்ந்தெடுப்பது. ஒற்றை வரிசையில் போகும் சிற்றெறும்பே ஏற்றது.

சுறுசுறுப்புக்கு எறும்பைத்தான் உதாரணம் சொல்கிறோம். சோம்பேறி எறும்பு உண்டா?
— வாசகர், மதுரை

உண்டு, நிறையவே. அரிசோனாவில் பாறை இடுக்கில் வாழும் ஒரு சிற்றெறும்பின் ஒவ்வொரு வேலைக்காரிக்கும் வண்ணப்புள்ளி வைத்துக் கவனித்தார்கள். ஏறக்குறைய 40 விழுக்காடு எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தன. மிகச் சுறுசுறுப்பான 20 விழுக்காட்டை எடுத்துவிட்டபோது, சும்மா இருந்தவை ஒரு வாரத்துக்குள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. அவை காத்திருக்கும் கை.

வளை தோண்டும் நெருப்பெறும்புகளிடமும் இதுவே. 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் நடந்த ஆய்வில், 30 விழுக்காடு எறும்புகளே 70 விழுக்காடு வேலையைச் செய்தன. குறுகிய வளைக்குள் எல்லோரும் நுழைந்தால் நெரிசலாகி யாராலும் மண்ணை வெளியே கொண்டுவர முடியாது. வழியில் கூட்டம் கண்ட எறும்பு வேலை செய்யாமலே திரும்பிவிடுகிறது. 'எறும்பைப் பார், ஓயாமல் உழை' என்று பிள்ளைகளை விரட்டுபவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

முந்திரித் தோப்பில் முசுறு நிறையக் கூடு கட்டியிருக்கிறது. மருந்தடித்து அழிக்கலாமா?
— விவசாயி, பண்ருட்டி

அழிக்காதீர்கள். முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் கருக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை, இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் எறும்பான முசுறு வேட்டையாடும், விரட்டும். இந்த எறும்பை ஆஸ்திரேலிய முந்திரித் தோப்புகளில் திட்டமிட்டே வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தென்சீனாவில் கிச்சிலித் தோப்புக்காக முசுறுக் கூடுகளைப் பையில் கட்டிச் சந்தையில் விற்றதாக, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் நூல் ஒன்று குறிப்பிடுகிறது.

கூட்டம் மரத்தில் இருந்தால் மட்டும் போதாது, சண்டையில்லாமல் இருக்க வேண்டும். அடுத்தடுத்த மரங்களில் வெவ்வேறு கூட்டங்கள் இருந்தால் எல்லைச் சண்டையிலேயே எறும்புகள் தீர்ந்துவிடும், பூச்சியைக் கவனிக்க ஆள் இருக்காது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு மரத்து எறும்புகள் நாலைந்தைக் குச்சியில் ஏற்றி அடுத்த மரத்தில் விடுங்கள். மீசையால் தொட்டுவிட்டு விலகினால் ஒரே கூட்டம். காலைப் பிடித்து இழுத்தால் வேறு கூட்டம். ஒரே கூட்டத்தின் மரங்களுக்கு இடையே கயிறு கட்டி வழி கொடுங்கள். வேறு கூட்டங்களுக்கு இடையே உரசும் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

முசுறு இல்லாத மரத்துக்கு மாற்ற வேண்டுமானால், அதிகாலைக் குளிரில் கூடுகளைக் கிளையோடு வெட்டிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் கட்டலாம். ஒரே கூட்டத்தின் கூடுகள் அனைத்தையும் எடுங்கள். இராணி ஒரே ஒரு கூட்டில்தான் இருப்பாள். அந்தக் கூடு தப்பினால் சில மாதங்களில் வேலைக்கார எறும்புகள் செத்துத் தோப்பு வெறுமையாகிவிடும்.

குறையையும் சொல்ல வேண்டும். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் முசுறு பாதுகாக்கும். அவை பெருகிய கிளையை மட்டும் வெட்டி அகற்றுங்கள். தோப்பு முழுக்க மருந்து வேண்டாம், முதலில் சாவது எறும்புதான். முந்திரிக்கொட்டை கீழே விழுந்த பிறகே பொறுக்கப்படுவதால் மாவைவிட இங்கே கடித்தொல்லை குறைவு. ஏற வேண்டியிருந்தால் கை கால்களில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொள்ளுங்கள்.

சமையலறை எறும்புக்கு மருந்து தெளித்தால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுகிறது. ஏன்?
— இல்லத்தரசி, கோவை

தெளித்த மருந்தில் சாவது வெளியே வந்தவை மட்டும். இராணியும் புழுக்களும் சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே போகும் வழி தீனிதான். 100 மி.லி. வெந்நீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் ஆசிட் தூளும் (சமமாகத் தட்டிய கால் தேக்கரண்டி அளவு) கரைத்து, பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து வரிசையின் ஓரத்தில் விடுங்கள். வளர்ந்த எறும்பு திரவத்தை மட்டுமே விழுங்கும். வயிற்றுப் பையில் சுமந்துபோய் மற்றவற்றுக்கு ஊட்டும்.

சீக்கிரம் பலன் வேண்டுமென்று தூளைக் கூட்டினால் காரியம் கெடும்: எறும்பு புற்றுக்குப் போய்ச் சேருமுன் செத்துவிடும், அல்லது தொடவே தொடாது. முதல் நாள் கூட்டம் அதிகமாகும், பொறுத்திருங்கள். அந்த நாட்களில் மருந்து தெளிக்கவோ வரிசையைத் துடைக்கவோ கூடாது. காய்ந்தால் கரைசல் கடுமையாகிவிடும், 2 நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். சர்க்கரையை எறும்பு சீண்டவில்லை என்றால் அது எண்ணெய், மீன் தேடும் இனம். இந்தத் தீனி பயன்படாது. குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் எட்டாத இடத்தில் மட்டும் வையுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

எறும்பு வளர்க்க ஆசை. இராணியை எப்படிப் பிடிப்பது?
— 9ஆம் வகுப்பு மாணவன், சேலம்

மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கடியில் தேடுங்கள். ஈசலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், மீசை நேராக இருக்கும், இடுப்பு தடிமன். எறும்புக்கு முன் இறக்கை நீளம், மீசை முழங்கை போல வளைந்திருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக ஓடும், நடு உடல் பருத்த எறும்பே பெரும்பாலும் இணைசேர்ந்த இராணி. தொடங்குபவர்களுக்குப் பெரிய கறுப்புக் கட்டெறும்பு ஏற்றது.

15 செ.மீ. நீளச் சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சை நீரைத் தொடும்வரை இறுக்கித் தள்ளுங்கள். பஞ்சு ஈரமாக வேண்டும், ஒழுகக் கூடாது. இராணியை விட்டு, வாயை உலர்ந்த பஞ்சால் தளர்வாக அடைத்து, கறுப்புத் தாள் சுற்றி, அதிர்வில்லாத அலமாரியில் படுக்கவையுங்கள். உணவு தேவையில்லை. தன் இறக்கைத் தசையைக் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்ப்பாள்.

வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்காதீர்கள். தினமும் வெளிச்சம் பட்டால் முட்டையைத் தானே தின்றுவிடுவாள். இந்த முயற்சி தோற்பது பெரும்பாலும் இதனால்தான். குழாய் மேல் வெயில் பட்டால் உள்ளே நீர் வியர்த்து மூழ்கடிக்கும். ஏறக்குறைய 5 முதல் 8 வாரத்தில் முதல் வேலைக்காரிகள், வழக்கத்தைவிடச் சிறியவையாக, வெளிவரும். பிறகு 3 நாளைக்கு ஒருமுறை, ஒரு பங்கு தேனுக்கு நான்கு பங்கு நீர் கலந்து ஒரு சொட்டும், நசுக்கிய கொசு ஒன்றும் கொடுங்கள். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். 3 மாதமாகியும் வேலைக்காரி வரவில்லை என்றால் அவள் பெரும்பாலும் இணைசேராதவள், விட்டுவிடுங்கள்.

தொடங்குமுன் ஒன்றை யோசியுங்கள். ஐரோப்பியத் தோட்டக் கறுப்பெறும்பின் இராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. பள்ளிப்படிப்பு முடிந்து வெளியூர் போகும்போது தொடர முடியாவிட்டால், பிடித்த இடத்துக்கே கொண்டுபோய் நிழலான மண்ணில் விடுங்கள். வேறு ஊரில் விடக் கூடாது. வெளியூர் எறும்பு அங்குள்ள எறும்புகளுக்குப் பகையாகிவிடும்.