ஏரி தெரிகிறது, சரி. பின்சுவர் எப்படி இருக்கிறது?

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, ஃபிளாட் ஃபிளாட்டாக வாடகைக்கு விடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ஏரி. மாதம் 22,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை. மார்ச்சில் போய்ப் பார்த்தோம், பளிச்சென்று இருந்தது. எடுக்கலாமா? - மதுரை வாசகி

மார்ச்சில் பார்த்தீர்கள் என்பதுதான் இடிக்கிறது. மார்ச்சில் கொடைக்கானலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். அக்டோபர், நவம்பர் மழையில்தான் சுவரின் குணம் தெரியும்.

அந்த ஏரி இயற்கையாக வந்ததல்ல. உங்கள் மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863-இல் ஓடையை மறித்துத் தேக்கியது. அதாவது ஊரின் பள்ளமான இடம். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் பள்ளத்தில் வந்து தங்கிவிடும். ஜனவரியில் ஏரியோரப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிவது இதனால்தான். மேட்டில் இருக்கும் வீட்டைவிட ஏரிக்கரை வீட்டில் குளிரும் ஈரமும் ஒரு படி கூடத்தான் இருக்கும்.

இனி சுவர். மலையில் பல வீடுகள் சரிவை வெட்டிக் கட்டியவை. முன்னால் நின்று பார்த்தால் சாலை மட்டம். பின் அறைக்குப் போனால் சுவருக்கு அந்தப் பக்கம் மண். அந்தச் சுவரில் ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். பழைய கல் கட்டடம், சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் எப்படியோ வெளியேறிவிடும். புதுப்பிக்கிறேன் என்று அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் போனதும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும். அதையும் மறைக்கத்தான் பிவிசி பேனல், வால்பேப்பர். ஒரே ஒரு சுவரில் மட்டும் பேனல் இருந்தால், அழகுக்காகத்தான் என்று சட்டென்று நம்பிவிடாதீர்கள்.

எனக்கும் இது பட்டுத் தெரிந்த பாடம். மலையில் முதலில் எடுத்த வீட்டில் மூன்றே மாதத்தில் தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை. கேட்டதற்கு ஓனர், "ஜன்னலைத் திறந்து வைக்கலையா சார்?" என்றார். ஜன்னலுக்கு எதிரே மண்மேடு!

அதனால் ஒரு மழை விட்டதும் இன்னொரு முறை போங்கள். சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பின் அறையின் கீழ் மூலைகளில் புறங்கையை வையுங்கள், கட்டிலை நகர்த்திப் பாருங்கள். தரையோரம் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அந்த அறையில் துணிமணி வைக்க முடியாது. ஃபால்ஸ் சீலிங்கில் வட்டக் கறை தெரிந்தால் மேலே ஒழுகல் இருக்கிறது.

அடுத்தது சீசன். ஏப்ரல், மே மாதங்களில் ஏரிப் பக்கத்து வீட்டுக்கு நாள் வாடகையே நன்றாக வரும். மாத வாடகைக்கு விட்டுவிட்டு, "சீசனுக்கு மட்டும் காலி செய்து கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு மாதமும் வீடு உங்களுடையதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே தினசரி வாடகைக்கு ஓடிய இடமென்றால் மின் இணைப்பு வீட்டு இணைப்பா, வணிக இணைப்பா என்று இ.பி. அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டட அனுமதி நகலையும் கேளுங்கள். அனுமதி மீறிய கட்டடங்களுக்கு சீல் வைத்த ஊர் அது.

அட்வான்ஸ் பத்து மாதம் அதிகம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. உங்கள் கணக்கில் 66,000. ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு மேல் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். எனவே பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் முக்கியம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதி அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும்.

பழுது விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் செலவு. கீசர் ரிப்பேரும் ஜன்னல் கண்ணாடியும் உங்கள் செலவு! கீசரும் ரூம் ஹீட்டரும் சேர்ந்தாலே 4,000 வாட் வந்துவிடும். பெயிண்ட் புதுசு, வயர் பழசு என்றால் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். பார்க்கப் போகும்போது இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே வைக்காதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கோடையில் தண்ணீர் லாரிக்கு யார் காசு கொடுப்பது, பார்க்கிங் எங்கே என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். கீழ்த்தளம் என்றால் கேட்டுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அங்கே காட்டுமாடு தெருவுக்குள் வந்து நிற்பது சாதாரணம்.