தோட்டம் கேள்வி–பதில்: விதை போட்டும் புல்தரை வரவில்லையே!

கேள்வி: அருகம்புல் விதை தூவி மூன்று வாரம் ஆகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கிறது. விதை சொத்தையா?

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணின் மேல் ஒரு சென்டிமீட்டரைத்தான். ஊறி, வேர்முனை நீட்டிய விதை ஒரே ஒரு வெயில் மதியம் காய்ந்தாலும் செத்துவிடும். காலையில் ஒருமுறை குழாயைப் பீய்ச்சிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

குனிந்து பாருங்கள். கால் மிதித்த தடங்களில் மட்டும் பச்சை அடர்ந்திருந்தால், அங்கே விதை மண்ணோடு அழுந்தியிருக்கிறது, மற்ற இடத்தில் சும்மா மேலே கிடந்து காய்ந்திருக்கிறது. சரிவின் அடியில் கோடு போட்டதுபோல் முளைத்திருந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. பொட்டலத்தையும் பாருங்கள்: உமி நீக்கிய விதை 7 முதல் 14 நாளில் முளைக்கும், உமியோடு இருப்பதற்கு நான்கு வாரம்கூட ஆகும். அப்படியானால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

விதை மேல்தான் சந்தேகம் என்றால், மிச்சத்தில் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் பரப்பி, காயவிடாமல் வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு வாரம் (உமியோடு இருந்தால் நான்கு வாரம்) வையுங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் புது விதை வாங்குவதே மேல்.

கேள்வி: 50 சதுர மீட்டர் இடம். எப்படித் தயார் செய்வது, எவ்வளவு விதை வேண்டும்?

பதில்: ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். 15 செ.மீ. ஆழம் கொத்தி, கல்லையும் கோரைக்கிழங்கையும் பொறுக்கிவிட்டு, சதுர மீட்டருக்கு 2 கிலோ மட்கிய உரம் கலந்துவிடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், களை விதையையும் கூட்டிக்கொண்டு வரும். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு ஒன்று, இரண்டு செ.மீ. சரிவு இருக்கட்டும்.

பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா போட்டுவையுங்கள். களையெல்லாம் தலைகாட்டும், மேலாகச் சுரண்டி எடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்குகிற களை விதையை நீங்களே மேலே கொண்டுவருவீர்கள். பலர் அவசரத்தில் தாண்டிப்போவது இந்த இரண்டு வாரத்தைத்தான்.

விதைக்கும் நாளில் டிஏபி உரம் சதுர மீட்டருக்கு 10 கிராம் தூவி, மேல்மண்ணில் கலந்து வாரிவிடுங்கள். குதிகாலை ஊன்றினால் ஒரு செ.மீ.க்கு மேல் பதியக் கூடாது; பதிந்தால் இன்னும் மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள்.

உமி நீக்கிய அருகம்புல் விதை சதுர மீட்டருக்கு 7 கிராம், உங்களுக்கு 350 கிராம். ஒரு கிராமில் சுமார் 4,000 விதை இருக்கும். வெறுங்கையால் வீசினால் ஓரிடத்தில் கொட்டி ஓரிடத்தில் ஒன்றும் விழாது. 7 கிலோ காய்ந்த மணலில் கலந்து இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நீளவாக்கிலும் மறுபங்கைக் குறுக்குவாக்கிலும் தூவுங்கள். ரேக்கின் முதுகால் லேசாக இழுத்தால் போதும். சில விதைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியவில்லையா? ஆழமாகப் புதைத்துவிட்டீர்கள். கடைசியாக உருளை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பலகையைப் போட்டு மிதித்துக்கொண்டே நகருங்கள்.

முதல் இரண்டு வாரம் பூவாளியாலோ பனித்தூறல் முனையாலோ தினமும் மூன்று, நான்கு முறை நனையுங்கள். தண்ணீர் தேங்கத் தொடங்கும் முன் நிறுத்திவிடுங்கள். முளைத்த பின் தடவையைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். அப்போதுதான் வேர் கீழே இறங்கும். மண் 20 டிகிரியாவது இருக்க வேண்டும். குளிர்ப் பகுதிக்கு உயர் ஃபெஸ்க்யூ என்ற குளிர் தாங்கும் புல்லின் விதை. அது பெரியது, சதுர மீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் தேவைப்படும்.

கேள்வி: டிஃப்வே 419 விதை எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கேயும் கிடைக்காது. அது அருகம்புல் வகையில் ஒரு மலட்டுக் கலப்பினம், விதையே பிடிக்காது. தண்டாகவோ வளர்ந்த புல் பாயாகவோதான் நட முடியும். அந்தப் பெயரில் யாராவது விதைப் பொட்டலம் நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்றாக முளைத்த நாற்று திடீரென்று நூல்போல் துவண்டு, வட்ட வட்டமாகச் சாய்கிறது.

பதில்: நாற்றழுகல். விதை நெருக்கமும் இரவெல்லாம் காயாத ஈரமும் சேர்ந்தால் வருவது. மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். பொழுது சாய்வதற்குள் இலை உலர்ந்திருக்க வேண்டும். போன இடத்தில் சுரண்டிவிட்டு மறுபடி விதையுங்கள், இம்முறை கொஞ்சம் இடைவெளி விட்டு.

கேள்வி: களைக்கொல்லி அடிக்கலாமா? முதல் வெட்டு எப்போது?

பதில்: பெண்டிமெத்தலின் போன்ற மருந்து களை விதையோடு உங்கள் புல் விதையையும் முளைக்கவிடாது. மூன்று, நான்கு வெட்டு ஆகும்வரை கையால்தான் பிடுங்க வேண்டும்.

புல் 5 செ.மீ. தொட்டதும், மண் காய்ந்திருக்கும் நாளில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டுங்கள். பிளேடு மழுங்கியிருந்தால் இளம்புல் வேரோடு வந்துவிடும். ஆறாவது வாரம் யூரியா சதுர மீட்டருக்கு 5 கிராம், ஈரமில்லாத இலைமேல் தூவி உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் இலை கருகும்.