கோடுகளின் வரிசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலகம் முடிந்தபின் இணைய வகுப்பில் ஆறு மாதமாகச் சீனம் கற்று வருகிறேன். எங்கள் ஆசிரியை ஒவ்வோர் எழுத்தையும் கோடுகளின் வரிசை மாறாமல் எழுதச் சொல்கிறார். மாறினால் அந்த எழுத்தை அடித்துவிட்டு மீண்டும் எழுத வைக்கிறார். எழுதி முடித்தபின் எந்தக் கோடு முதலில் வந்தது என்று யாருக்குத் தெரியப்போகிறது? சீனர்களே உச்சரிப்பை ரோமன் எழுத்துகளில் எழுதும் பின்யினில்தான் தட்டச்சு செய்கிறார்கள். சீனாவின் வரிசையும் ஜப்பானின் வரிசையும் சில எழுத்துகளில் வேறுபடவும் செய்கின்றன. இதற்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டுமா? எளிய வடிவத்தைக் கற்பதா, பழைய வடிவத்தைக் கற்பதா என்பதையும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

நாள் முழுவதும் உழைத்துவிட்டு இரவில் சீன எழுத்தின் முன் அமர்வது எளிதன்று. ஆறு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்பது சோம்பலின் கேள்வி. அதற்குத் தர்க்கத்தின் சட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். வேகமாக எழுதினால், பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும்.

சில நாட்களாக நானும் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில் பூங்காவில் முதியவர்கள் கழியின் முனையில் பொருத்திய பஞ்சுத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தளத்தில் எழுதுவார்கள். அப்படி ஒருவர், கோடுகளைச் சேர்த்து விரைந்தெழுதும் கூட்டெழுத்தில் எழுதியதை என் அருகில் நின்ற சிறுமி உரக்கப் படித்தாள். அச்சில் அதே எழுத்துகளை ஓரளவு படிக்கத் தெரிந்த எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்த பெரியவர், வண்டியைக் குறிக்கும் எழுத்தை அதன் பழைய வடிவத்தில் நிதானமாக எழுதினார். மேலே ஒரு கிடைக்கோடு, அதன் கீழே குறுக்குக் கோடு கொண்ட பெட்டி, பெட்டிக்கு அடியில் நீண்ட கிடைக்கோடு, எல்லாவற்றையும் ஊடுருவி இறங்கும் நெடுங்கோடு கடைசியில் என மொத்தம் ஏழு கோடுகள். பிறகு அதையே விரைவாக எழுதினார், இன்னும் விரைவாக எழுதினார். பெட்டி கரைந்து சாய்ந்து திரும்பும் ஒற்றைக் கோடாகிவிட்டது. ஆனால் நெடுங்கோடு ஒவ்வொரு முறையும் கடைசியில்தான் இறங்கியது. வடிவம் அழிந்த இடத்திலும் வரிசை அழியவில்லை. சிறுமி படித்தது அந்த வரிசையைத்தான். நெடுங்கோட்டை முதலில் போடுபவர் அதே வேகத்தில் எழுதினால், தூரிகை அடியிலிருந்து மேலே ஏறும்போது எழுத்தில் இல்லாத ஓர் இணைப்பு விழும். அதை எந்தச் சீனராலும் எளிதில் படிக்க முடியாது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1956ஆம் ஆண்டுச் சீன அரசின் எளிமையாக்கத் திட்டம் வண்டிக்கு அளித்த நான்கு கோட்டு வடிவம், அந்தப் பெரியவர் தளத்தில் விரைந்து எழுதியதன் அச்சுருவேதான். பத்துக் கோடுகள் கொண்டிருந்த ‘புத்தகம்’ நான்கு கோடுகளானதும், ‘கிழக்கு’ எட்டிலிருந்து ஐந்தானதும் அவ்வாறே பழைய கூட்டெழுத்திலிருந்து வந்தவை. நீங்கள் பாடநூலில் காணும் பல எழுத்துகள், பல நூற்றாண்டுகளாகக் கைகள் ஒரே வரிசையில் ஓடியதால் தேய்ந்து உருவானவை. அவற்றை எழுதிக்கொண்டே வரிசை எதற்கு என்று கேட்கிறீர்கள்!

ஜப்பான் வேறுபடுவது உண்மை. ‘வலம்’ என்ற எழுத்தைச் சீனர் கிடைக்கோட்டில் தொடங்குகிறார்கள், ஜப்பானியர் இடப்புறம் சரியும் கோட்டில் தொடங்குகிறார்கள். ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் வெளியிட்ட கையேடே பிற வரிசைகளைத் தான் மறுக்கவில்லை என்கிறது. ஆனால் அங்கும் ஒரு குழந்தை தன் மனம்போன வரிசையில் எழுதினால் ஆசிரியர் திருத்தவே செய்வார். இரண்டு மரபுகள் இருப்பதால் மரபே வேண்டாம் என்பது வசதியான வாதம்.

2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள சீன விதி 8,105 எழுத்துகளுக்கு வரிசை வகுத்திருக்கிறது என்று கேட்டு மிரள வேண்டாம். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பின் குறுக்கே இறங்கும் கோடு, பெட்டியின் உள்ளே நிரப்பிய பிறகே அதன் அடிக்கோடு எனச் சில பழக்கங்கள் கைக்கு வந்துவிட்டால், புதிய எழுத்துகளில் பெரும்பாலானவற்றைக் கை தானே சரியாக எழுதும். விலக்குகளை உங்கள் ஆசிரியை அடித்து அடித்துச் சொல்லித் தருவார், அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தட்டச்சைப் பற்றி எனக்கு வழக்கில்லை; செய்யுங்கள். எளிய வடிவமா, பழைய வடிவமா என்றால், உங்கள் ஆசிரியை எதைக் கற்பிக்கிறாரோ அதை.