மாமான்ர ரொலெக்ஸும் அப்பான்ர சீக்கோவும்: விலை நிக்குமோ எண்டு கேட்டவைக்கு

மணிக்கூடு திருத்திற மேசையில நான் முதல் இருந்தது புதுக்குடியிருப்பில, 1997இல, மாமான்ர கடையில. இப்ப கிளிநொச்சியில. முந்தி ஆரும் மணிக்கூடு கொண்டு வந்தா "ஓடுமோ அண்ணை" எண்டுதான் கேப்பினம், இப்ப ஓடுறதோ நிக்கிறதோ "இது என்ன விலை போகும்" எண்டுதான் முதல் கேள்வி. விளங்குது, 2022இல ரூபா விழுந்ததைப் பாத்தாப் பிறகு காசைக் காசா வச்சிருக்க எல்லாருக்கும் பயம் வந்திட்டுது. கொஞ்ச நாளா வந்து கிடந்த கேள்வியளுக்கு இதில பதில் எழுதிறன்.

வவுனியாவில இருந்து ஒரு தம்பி: கனடாவில இருக்கிற மாமா வரேக்க ரொலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒண்டு கொண்டு வாறன் எண்டுறார், காசு நான் குடுக்கோணும், காணி வாங்கச் சேத்த காசு அது. ரொலெக்ஸ் விலை இறங்கவே இறங்காது எண்டு யூடியூபில சொல்லினம், உண்மையோ அண்ணை?

பாதி உண்மை தம்பி. ரொலெக்ஸ் எல்லாம் இறங்காது எண்டது பிழை, ரொலெக்ஸில சில மொடல் இறங்காம நிண்டிருக்கு எண்டதுதான் சரி. ஸ்டீல் கேஸில (வெளிக்கூட்டில) வாற சப்மரினர், டேடோனா மாதிரியானது கொம்பனிக் கடையில நினைச்ச உடன வாங்கேலாது, பேர் குடுத்திட்டு காத்துக் கிடக்கோணும், காத்திருக்க மனமில்லாதவை வெளியில கூடக் குடுத்து வாங்கினம், அதாலதான் பாவிச்சதுகூட கடை விலைக்கு மேல போகுது. டேட்ஜஸ்ட் 1945இல இருந்து செய்யிற மணிக்கூடு, அருமையான சாமான், ஆனா உலகத்தில கனக்க இருக்கு. மாமா அதைக் கொம்பனிக் கடையில போட்ட விலைக்கு எடுத்து நீங்கள் வடிவா வச்சிருந்தா போட்ட காசுக்குக் கிட்டவாவது நிக்கும், இடையில ஒரு வியாபாரியிட்ட மேலதிகமாக் குடுத்து எடுத்தா அந்த மேலதிகம் திரும்பி வரும் எண்டு நம்பாதேங்கோ.

யூடியூபில சொல்லுறவை கனபேர் 2021ஐ மனசில வச்சுத்தான் சொல்லினம். கொரோனா நேரம் வெளிநாட்டில வசதியான ஆக்களிட்ட செலவழிக்க வழியில்லாத காசு கிடந்துது, அது மணிக்கூட்டுக்குள்ள வந்து விழுந்துது. பட்டெக் பிலிப் கொம்பனி நொட்டிலஸ் 5711 எண்ட மொடலை நிப்பாட்டிறம் எண்டு அந்த வருசம் சொன்னோடன அது கடை விலையின்ர பல மடங்குக்குப் போச்சு, மார்கழியில நியூயோர்க் ஏலத்தில டிஃபனி எண்ட நகைக் கொம்பனியின்ர நீல நிறத்தில டயல் போட்ட ஒண்டு 65 லட்சம் டொலருக்குப் போனது. அதுக்கு அடுத்த சித்திரை வைகாசியோட விலை இறங்கத் தொடங்கினது, ரெண்டு வருசம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்துது. உச்சியில வாங்கினவை நட்டத்தோடதான் வித்தவை. அதுவும் ரொலெக்ஸ், பட்டெக் மாதிரிப் பேர் எடுத்ததுகளுக்கே இந்த நிலை. மற்றதுகள், கல்லுப் பதிச்சது, பெரிய உடுப்புக் கொம்பனியளின்ர பேர் போட்டது எல்லாம் கூறைச்சேலை மாதிரி, வாங்கேக்க ஒரு விலை, விக்கப் போனா கேக்க ஆள் இல்லை.

இன்னொண்டையும் கவனியுங்கோ. 2022 தொடக்கத்தில ஒரு டொலர் 200 ரூபா சொச்சம், வைகாசிக்கு 360 வரைக்கும் போனது. அந்த நேரம் ஒராள் மணிக்கூட்டை வித்துப்போட்டு "ஒண்டரை மடங்கு லாபம்" எண்டு சொல்லியிருப்பார், ஏறினது மணிக்கூடு இல்லைத் தம்பி, டொலர். அவர் அந்தக் காசை டொலராவே வச்சிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

கடைசியா, வன்னியில ஆருக்கு விப்பீங்கள்? ஒரு பவுண் சங்கிலியைக் காலமை ரவுணுக்குக் கொண்டு போனா மத்தியானத்துக்குள்ள கையில காசு, விக்க மனமில்லாட்டி வங்கியில அடைவு வைக்கலாம். மணிக்கூட்டை எந்த வங்கியும் அடைவுக்கு எடுக்காது. கொழும்புக்குக் கொண்டு போகோணும், அங்க வாங்கிறவர் தன்ர லாபத்தை முதலே கழிச்சுப்போட்டுத்தான் விலை சொல்லுவார், பெட்டி இல்லை, கொம்பனி குடுத்த உத்தரவாதக் காட் இல்லை எண்டா இன்னும் கழிப்பார். அவசரத்துக்கு விக்கேலாத சாமானை நான் சேமிப்பு எண்டு சொல்ல மாட்டன். காணிக் காசைக் காணிக்கே போடுங்கோ.

முல்லைத்தீவில இருந்து ஒரு தங்கச்சி: அப்பான்ர சீக்கோ 5 இருக்கு, 2009இல சொப்பிங் பேக்கில சுத்தி மடியில கட்டிக்கொண்டு வந்தது. ஓடுதில்லை, டயலெல்லாம் கறை. பொலிஷ் பண்ணி டயலையும் புதுசா அடிச்சா நல்ல விலை போகுமோ?

இந்தத் தங்கச்சி பேந்து நேரிலயே கொண்டு வந்தவ, அதால பாத்ததைச் சொல்லுறன். பின் மூடியில 6309 எண்டு இருந்துது, அதுதான் மெசின் நம்பர். கீழ இருக்கிற மற்ற நம்பர் 25 எண்டு தொடங்குது. சீக்கோவில முதல் இலக்கம் வருசத்தின்ர கடைசி இலக்கம், அடுத்தது மாசம், 6309 மெசின் வந்த காலத்தோட சேத்துப் பாத்தா அது 1982 வைகாசி. தன்ர வயசைவிட மணிக்கூட்டுக்கு வயசு கூட எண்டு அவவுக்கு அண்டைக்குத்தான் தெரியும், கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்காம அதையே பாத்துக்கொண்டு இருந்தவ.

மூடியைத் திறந்தா ரப்பர் வளையம் தார் மாதிரி இளகி ஒட்டிக் கிடக்கு, ஓரமெல்லாம் செம்மண் தூள், கிரவுன் (பக்கத்தில திருகிற சாவி) போற தண்டு ஊத்தை பிடிச்சு மண்ணிறம். சீக்கோ 5இல கிரவுன் நாலு மணிப் பக்கம் இருக்கும், தண்ணி அதுக்குள்ளாலதான் போயிருக்கு, டயலிலயும் அந்த மூலையிலதான் தேத்தண்ணி சிந்தின மாதிரிக் கறை, மற்றப் பக்கம் வெள்ளி நிறம் இன்னும் மினுங்குது. சில்லுகள் ஒண்டும் உடையேல்லை. எண்ணெய் காஞ்சு பிசினாப் போனதாலதான் நிண்டது.

பொலிஷ் வேண்டாம் தங்கச்சி. மோட்டரில பிடிச்சு மினுக்கினா கேஸின்ர கூரான மூலையெல்லாம் மழுங்கி, தேஞ்ச சவுக்காரக்கட்டி மாதிரி வந்திடும், பிறகு அந்த உலோகத்தைத் திருப்பி ஒட்டேலாது. டயலுக்கு மை அடிக்கிறது அதைவிடக் கேடு. பழசைச் சேக்கிற ஆக்கள் முதல் பாக்கிறது டயலைத்தான், கறையோட இருக்கிற சொந்த டயலுக்குக் குடுக்கிற காசை புதுசா அடிச்ச டயலுக்குக் குடுக்க மாட்டினம். உள்ளுக்குக் கழுவி, எண்ணெய் போட்டு, ரப்பரை மாத்தினாக் காணும்.

விலையையும் மறைக்காமச் சொல்லுறன். சீக்கோ 5 எக்கச்சக்கமாச் செய்த மணிக்கூடு, அரிய சாமான் இல்லை. சேர்விஸ் செலவும் வித்தா வாற காசும் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் நிக்கும், விக்கிறதுக்காகத் திருத்தாதேங்கோ. ஆனா அது ஏன் வன்னியில வீட்டுக்கு வீடு இருந்தது எண்டதை இளம் ஆக்கள் தெரிஞ்சிருக்கோணும். 1969 மார்கழி 25இல சீக்கோதான் முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை (பற்றரியில ஓடுறது) வித்தது, அதுக்குப் பிறகு சாவி குடுக்கிற மணிக்கூட்டை உலகம் கைவிட்டு சுவிஸில எத்தினையோ தொழிற்சாலை மூடினவை. எங்களுக்கு நடந்தது மறுவளம். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையில பற்றரி இஞ்சால வர விடேல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். குவார்ட்ஸ் எல்லாம் ஒண்டொண்டா நிண்டு லாச்சிக்குள்ள போச்சு, கை ஆட ஆட ஓடுற சீக்கோதான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரம் சொன்னது. மாமான்ர கடையில நான் தொழில் பழகினது முழுக்க அந்த 6309இலயும் 7009இலயும்தான். இதுக்குச் சாவி குடுக்கவும் ஏலாது, நிண்டா கையில எடுத்து ஆட்டித்தான் உயிர் குடுக்கோணும். தங்கச்சின்ரதும் ஆட்ட ஓடிட்டுது.

கனகராயன்குளத்தில இருந்து ஒரு அண்ணை: என்ர பழைய சிட்டிசனில கிரவுன் தேஞ்சு வேற ஒண்டு போட்டது. ஒறிஜினல் இல்லாட்டி விலை குறையுமோ?

குறையும், ஆனா டயல், முள்ளு மாத்தின அளவுக்கு இல்லை. நீங்கள் அந்தக் காலம் வவுனியாவுக்கு லொறி ஓடினனான் எண்டு எழுதியிருக்கிறியள், அதுதான் தேஞ்சது. 1996இல தெற்கில நேரத்தை முன்னுக்குத் தள்ளினவை, வன்னியில பழைய நேரத்திலயே நிண்டம், 2006 சித்திரை வரைக்கும் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போகேக்கயும் வரேக்கயும் முள்ளை அரை மணித்தியாலம் திருப்பின ஆக்கள் நாங்கள். உங்களை மாதிரி கிரவுன் தேஞ்ச ட்ரைவர்மார் கனபேர் என்னட்ட வந்திருக்கினம். பழைய கிரவுன் லாச்சிக்குள்ள கிடந்தா எறியாதேங்கோ, மணிக்கூட்டோட சேத்து வையுங்கோ.

மாங்குளத்தில இருந்து ஒரு ஐயா: 1990இல இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில இருந்து திரும்பி வரேக்க வாங்கி வந்த எச்எம்டி ஜனதா இருக்கு. இப்ப அதுக்கு நல்ல கேள்வி எண்டு பேரன் சொல்லுறான்.

பேரன் சொல்லுறது சரி ஐயா. எச்எம்டி 1961இல சிட்டிசன்ர உதவியோட பெங்களூரில தொடங்கினது, 2016இல மணிக்கூட்டுப் பகுதியை மூடிட்டினம், இனி வராது எண்டோடன இந்தியாவில தேடத் தொடங்கிட்டினம். ஆனா தேடினம் எண்டோடன பழைய மெசினில புது மை டயல் ஒட்டின சாமானும் ஒன்லைனில நிறைஞ்சு போச்சு. அதுகளில எழுத்து தடிச்சு ஓரம் பிசிறா இருக்கும், டயல் கண்ணைக் குத்திற நிறத்தில மினுங்கும், முள்ளு நிமிசக் கோட்டைத் தொடாம கட்டையா நிக்கும். உங்கட கையிலயே இருந்தது எண்டதால உங்கடது சுத்தம், அதுதான் அதின்ர மதிப்பு. பேரன் இன்னும் ரெண்டு வாங்கப் போறன் எண்டா மட்டும் மறியுங்கோ, பெரிய காசு பாக்கிற சாமான் இல்லை. காலமையில ஒருக்கா சாவி குடுத்துக் கட்டுங்கோ, நல்லா ஓடும்.

பரந்தனில இருந்து ஒராள்: துபாயில கூட வேலை செய்த பெடியன் ரொலெக்ஸ் எண்டு ஒண்டை எனக்கு வித்தவன். செக்கன் முள்ளு வழுக்கிப் போகுது, அப்ப ஒறிஜினல்தானே?

அதை மட்டும் நம்பேலாது. டிக் டிக் எண்டு செக்கனுக்கு ஒருக்காத் துள்ளினா அனேகமாக் கொப்பி எண்டு முந்திச் சொல்லலாம், இப்ப கொப்பி செய்யிறவையும் கை ஆட ஓடுற ஒட்டோமற்றிக் மெசின் போடுறபடியால அதுவும் வழுக்கும். திகதிக்கு மேல இருக்கிற குமிழைப் பாருங்கோ, ஒறிஜினல் ரெண்டரை மடங்கு பெருப்பிச்சு இலக்கம் குமிழ் முழுக்க நிக்கும், கொப்பி கனக்கில இலக்கம் சின்னனா நடுவில கிடக்கும். கண்ணாடிக்குக் கீழ உள் வளையத்தில எழுத்து வெட்டியிருக்கோ, அது நிமிசக் கோடுகளோட நேரா நிக்குதோ பாருங்கோ, இது கிட்டத்தில வந்த மொடல்களுக்கு மட்டும். கடைசி முடிவு மூடி திறந்து மெசினைப் பாத்தாத்தான். கொப்பி எண்டு தெரிய வந்தா, தயவுசெய்து இன்னொராளிட்ட ஒறிஜினல் எண்டு தள்ளி விடாதேங்கோ, உங்களுக்கு நடந்தது அவருக்கும் நடக்க வேண்டாம்.

தருமபுரத்தில இருந்து: சவுதியால கொண்டு வந்த தங்க நிற ராடோ டயஸ்டார். உருக்கினா எவ்வளவு தங்கம் வரும்?

ஒண்டும் வராது, உருக்காதேங்கோ. பூச்சுத்தான் அது. இருபது மைக்ரோன் எண்டு போட்டிருக்கிற நல்ல தடிச்ச பூச்சே ஒரு மில்லிமீற்றரில ஐம்பதில ஒரு பங்குதான். உண்மையான 18 கரட் கேஸ் எண்டா 750 எண்டு முத்திரை இருக்கும். ராடோ டயஸ்டாரின்ர மதிப்பு தங்கத்தில இல்லை, 1962இலயே கீறு விழாத டங்ஸ்டன் கார்பைட்டில செய்தவை, நாற்பது வருசம் கட்டினதும் புதுசு மாதிரி இருக்கும். கட்டுங்கோ.

ஸ்மார்ட் வோச் சேத்து வைக்கலாமோ எண்டு கிளிநொச்சிப் பெடியன் ஒராள்.

வேண்டாம். நாலைஞ்சு வருசத்தில பற்றரி போகும், பிறகு அதுக்கு மென்பொருளும் வராது. சேக்க ஆசை எண்டா கசியோ கொம்பனியின்ர பழைய ஜி-ஷொக் தேடிப் பாருங்கோ, 1983இல இருந்து வருது, ஆரம்ப கால மொடலுக்கு வாங்க ஆள் இருக்கு.

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு அக்கா: கலியாணத்துக்கு முதல் நான் இவருக்கு டைட்டோனி ஒண்டு வாங்கி, பின் மூடியில ரெண்டு பேற்ர பேரும் வெட்டிக் குடுத்தனான். அவர் இப்ப இல்லை. மகன் விப்பம் எண்டுறான். பேரை அழிச்சா விலை கூடுமோ?

அழிக்க வேண்டாம் அக்கா. பேர் வெட்டின மூடிக்குச் சந்தையில கொஞ்சம் குறைப்பினம், அது உண்மை, ஆனா அழிக்கிறதுக்கு மூடியைத் தேய்க்கோணும், தேய்ச்சா மூடி மெலிஞ்சு தண்ணி புகும், தேய்ச்ச அடையாளத்துக்கு இன்னும் குறைப்பினம். ரெண்டு பக்கமும் நட்டம்.

போல் நியூமன் எண்ட அமெரிக்க நடிகருக்கு, அவர் கார் ரேஸ் ஓடுறவர், மனுசி ஒரு ரொலெக்ஸ் டேடோனா வாங்கிக் குடுத்தவ, பின் மூடியில "கவனமா ஓட்டுங்கோ, நான்" எண்ட கருத்தில மூண்டு சொல்லு வெட்டிவிச்சு. அவர் அதை வருசக்கணக்காக் கட்டிப்போட்டு, 1984இல மகளின்ர காதலன் அவையின்ர மரத்துக்கு மேல கட்டின வீட்டைத் திருத்திக்கொண்டு நிக்கேக்க நேரம் கேக்க, அந்தப் பெடியனிட்ட மணிக்கூடு இல்லை எண்டோடன, தன்ர கையில இருந்ததைக் கழட்டிக் குடுத்திட்டார். 2017இல அது ஏலத்தில ஒரு கோடியே 77 லட்சத்து சொச்சம் டொலருக்குப் போனது. உங்கட டைட்டோனிக்கு அப்பிடி விலை வராது எண்டு உங்களுக்கும் தெரியும், நான் சொல்ல வாறது அந்த மூண்டு சொல்லை அங்க ஒருத்தரும் பழுது எண்டு கணக்கெடுக்கேல்லை எண்டதைத்தான்.

மகனுக்கு இப்ப காசுக்கு அவசரம் எண்டா அது வேற, அப்பவும் டைட்டோனிக்கு வாற காசு அவன்ர தேவைக்குக் காணாது எண்டுதான் நினைக்கிறன், முதல் என்னட்டக் காட்டிப்போட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கோ. எந்த வருசம், எந்தக் கடையில, எவ்வளவு குடுத்து வாங்கினனீங்கள் எண்டு நினைவிருக்கிறதை ஒரு கொப்பித் தாளில எழுதி மணிக்கூட்டோட வையுங்கோ, அவர் கட்டின படம் இருந்தா அதையும். நிண்டு கிடக்கு எண்டா சாவியை இறுக்கித் திருகாதேங்கோ, ஸ்பிரிங் அறும். அப்பிடியே ஒரு துணியில சுத்திக் கொண்டு வாங்கோ, மூடியில ஒரு கீறு விழாம மெசினை மட்டும் எடுத்துக் கழுவித் தாறன்.