பிணை விசாரணையில் கேட்டதை வட்ஸ்அப்பில் போடலாமா?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தெரிந்த ஒருவர் பாலியல் குற்றச்சாட்டில் கைதாகிப் பிணையில் வந்திருக்கிறார். பிணை விசாரணையை நேரில் இருந்து கேட்டேன். அங்கே பேசிய எதுவும் செய்தியில் வரவில்லை. மூடி மறைக்கிறார்களா? கேட்டதை எங்கள் ஊர்ச்சங்க வட்ஸ்அப் குழுவில் போடலாமா?"

போடாதீர்கள். ஆனால் யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நீங்கள் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கவே முடியாது. கனடாவில் குற்றவியல் வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடப்பதே விதி. செய்தியில் வராததற்குப் பிரசுரத் தடை காரணமாக இருக்கலாம். அந்தத் தடை கதவைச் சாத்துவதில்லை. உள்ளே கேட்டதை வெளியே பரப்புவதைத்தான் தடுக்கிறது.

பிணை விசாரணைக்கான தடை குற்றவியல் சட்டக்கோவையின் 517ஆம் பிரிவில் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டால் தடை விதித்தே ஆகவேண்டும். அரசுத் தரப்பு கேட்டால் நீதிமன்றம் யோசித்து முடிவு செய்யும். அங்கே சொல்லப்பட்ட சாட்சியம், வாதம், பிணைக்கான காரணங்கள் எல்லாம் இதில் அடங்கும். பிணை கிடைத்ததா இல்லையா என்பது அடங்காது. பிணையில் சாட்சிய விதிகள் தளர்வானவை. பொலிஸார் பிறர் சொல்லக் கேட்டதையும் சொல்லலாம். பின்னர் ஜூரியின் காதுக்கே எட்டக்கூடாத விஷயம் அன்று ஊரெல்லாம் பரவிவிட்டால் நியாயமான விசாரணை எங்கே? ஊடகங்கள் எதிர்த்து வழக்காடியும், 2010இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாக இந்தப் பிரிவை நிலைநிறுத்தியது. வழக்கு முடியும்போது இந்தத் தடையும் முடிந்துவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு தடை. பாலியல் வழக்குகளில் 486.4ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தடை விதித்தால், முறைப்பாடு செய்தவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் வெளியிடக்கூடாது. பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் சமூகத்தில் பெயர் தேவையே இல்லை. சொந்த ஊர், தகப்பனின் கடை, பிள்ளை படிக்கும் பள்ளி, இதில் இரண்டைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். குற்றஞ்சாட்டப்பட்டவர் உறவினராக இருந்தால், அவர் பெயரே அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தடைக்கு வழக்கோடு முடிவு கிடையாது. செய்தித்தாளுக்கு மட்டுமல்ல, உங்கள் கைபேசிக்கும் இது பொருந்தும், மீறுவது குற்றம்.

பாதிக்கப்பட்டவர் தன் கதையைத் தானே சொல்ல விரும்பினால்? முன்பு அவருக்கும் இதே தடை இடைஞ்சலாக இருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் தன் வழக்கின் எழுத்துப் பதிவைத் தெரிந்தவர்களோடு பகிர்ந்ததற்காக ஒரு பெண்ணுக்கே அபராதம் விதித்தார்கள். பின்னர் அது ரத்தானது. 2023 அக்டோபரில் வந்த திருத்தம் இதைப் பெருமளவு சரிசெய்தது. தடை வேண்டுமா என்று அவரிடம் கேட்கவேண்டும். வேண்டாமென்றால் நீக்கவோ மாற்றவோ விண்ணப்பிக்கலாம். மருத்துவரிடமோ நம்பிக்கைக்குரியவரிடமோ மனம்விட்டுப் பேசுவதும் மீறல் ஆகாது. இது மிகவும் தாமதமாக வந்த நீதி என்பேன்.

நீங்கள் கேட்ட வழக்கில் என்னென்ன தடைகள் உள்ளன என்பதை நீதிமன்ற அலுவலகத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரைச் சொல்லிக் கேட்டு அறியலாம். விசாரணையைக் கைபேசியில் பதிவு செய்திருந்தால், அல்லது இணையவழி விசாரணையைத் திரையிலிருந்து படம்பிடித்திருந்தால், அது ஒன்ராறியோவில் தனிக் குற்றம். அதை யாருக்கும் அனுப்பாமல், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.